யானைக்கு முன்னால் பிறந்தவர்கள்

கீழே டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற பெண் ஒருத்தி போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். பெரியவர்கள் படம் என்றால் இப்போது ஆதார் கார்டைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டுமாம். பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறதாம். கார்டே இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள், அதைத் தியேட்டர் ஊழியர் சங்கத்து ஆண்டு மலரில் எழுதுங்கள் என்றாள். நான் வாயால் சொல்கிறேன், நீ எழுதிக்கொள் என்றேன். நீங்களே எழுதினால்தான் போடுவார்கள் என்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. வேலை பார்த்த காலத்தில் என் பேரை எழுதத்தான் தெரியும், மற்ற எழுத்தும் எண்ணும் பின்னால் கற்றுக்கொண்டது. எழுத்துப் பிழை இருந்தால் மலர்க்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் பெயர் பேச்சியம்மாள். பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருந்த தகரக் கொட்டகையில் பெண்கள் பக்கத்துக் கதவில் பதினொரு வருஷம் நின்றேன். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வயதைத் தப்பாகச் சொன்னேன் என்று மேனேஜர் தம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் சரியாக நடந்ததால் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கொட்டகைக்கு வருவதற்கு முன்னால் எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவாக இருந்தேன். கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். நீளமான மூங்கில் ஒன்றில் சேலைத் துணியில் தொட்டில் கட்டியிருக்கும். பிறந்த வரிசைப்படிதான் கட்டுவேன். சன்னல் பக்கம் மூத்த பிள்ளை, கதவுப் பக்கம் கடைசிப் பிள்ளை. தவழ ஆரம்பித்தால் தரையில் இறக்கிவிட்டு, வரிசையை ஒரு தொட்டில் சன்னல் பக்கம் நகர்த்துவேன். சுற்றி இருந்த நாலு லயத்துப் பிள்ளைகளும் அந்த மூங்கிலில் தொங்கியவர்கள்தான். லயம் என்றால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு. ஒரு ஆளுக்கு வேலை இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு அறை. பதினைந்து வருஷம் அந்த வேலை பார்த்தேன். பிறகு படித்த ஆயாதான் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பால் கலக்கத் தெரியும் என்று அவளிடம் சர்டிபிகேட் இருந்தது.

அதே சமயத்தில்தான் கொட்டகையில் ஒரு பிரச்சனை. ஏதோ ஒரு பெரியவர்கள் படம். கதவில் நின்ற ஆள் சேலை கட்டிய எல்லாரையும் உள்ளே விட்டிருக்கிறான். எங்கள் ஊரில் அக்காள் சேலையைக் கட்டிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இடைவேளையில் விளக்கைப் போட்டதும் ஒரு அரசாங்க ஆபீசர் எழுந்து நின்று எண்ணிப் பார்த்திருக்கிறார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் கொட்டகை லைசென்ஸை ரத்து செய்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொட்டகை மேனேஜர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். வேலையாள், கூட்டுகிறவள், குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவன், யாரானாலும் வாங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் மிகவும் மரியாதையாகப் பேசிவிட்டார் என்று ஆப்பரேட்டர் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்ததுண்டு.

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்தார். "பிள்ளைகளோட வயசு உங்களுக்கு ஓர்மை இருக்கோ?" என்று கேட்டார்.

"எந்தப் பிள்ளைக்கு?"

"எந்தப் பிள்ளைக்கும்."

இருக்கிறது என்றேன். எப்படி என்று கேட்டார். தொட்டில் வரிசையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை மேட்டினிக்கு வந்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதுதான் எனக்கு இண்டர்வியூ.

பதினெட்டு வயதை ஆபீசர்கள் வருஷத்தால் எண்ணுவார்கள். எங்களுக்கு வருஷம் நம்பராக ஞாபகம் இராது. மரப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போன மழை, புது ஃபாக்டரிக்குச் சங்கு வைத்த வருஷம், ஒற்றை யானை வந்து எஸ்டேட் ஆபீஸ் கூரையை இழுத்துப் போட்ட வருஷம், இப்படித்தான் இருக்கும். எந்த மழையில் எந்தப் பிள்ளை கதவுப் பக்கத் தொட்டிலில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். சாமி அதை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் நோட்டைத் திறந்து கோட்டை ஒரு வருஷம் நகர்த்துவார். நான் சொல்ல வந்தது நடந்த வருஷத்துக் கோடு யானை. யானைக்கு முன்னால் பிறந்தவர் உள்ளே, பின்னால் பிறந்தவர் வெளியே என்று அவர் கையெழுத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினார். சரி என்றேன்.

படப்பெட்டி வியாழக்கிழமை பஸ்ஸில் வரும். சாமி முதலில் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்ப்பார். அதில் 'ஏ' இருந்தால் பெண்கள் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு போடுவோம். ஒரு சிலேட்டில் அந்த எழுத்தைச் சாக்பீஸால் எழுதிக் கதவில் மாட்டுவோம். எழுதுகிறது நான்தான். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் எழுத்து அது. நன்றாகவே எழுதுவேன்.

அதற்குப் பிறகு, அன்று சாயங்காலமே ஆப்பரேட்டரை ஓட்டச் சொல்லி, காலிக் கொட்டகையில் நானும் சாமியும் முழுப் படத்தையும் பார்ப்போம். அவர் ஆண்கள் பக்கம் பெஞ்சில், நான் பெண்கள் பக்கம் தரையில். நடுவில் அரைச் சுவர். முடிந்ததும் அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். இதில் பிள்ளைகள் பார்க்கக் கூடாதது என்ன? நான் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். ஆபீசர் இதைக் கேட்கப் போவதில்லையே, எழுத்து இருந்தால் தடுக்க வேண்டியதுதானே என்று ஒருமுறை கேட்டேன். எதற்குத் தடுக்கிறோம் என்று தெரியாமல் தடுப்பதற்கு மரக்கதவே போதும், உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்றார். அதுவும் மரியாதையாகத்தான்.

பாதிப் படத்தில் சொல்வதற்கே ஒன்றும் கிடைக்காது. ஒரு வெளிநாட்டுப் படத்தில் இரண்டு பேர் பனியில் நடந்தார்கள், பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள், பிறகு ஒருத்தி ரயில் ஏறிவிட்டாள். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், அதுதான் கெடுதல் என்றேன். எழுதிக்கொண்டார். இன்னொன்றில் ஒரு பெண் அருவியில் குளிக்கிறாள். எங்கள் ஆற்றில் எல்லாரும் அப்படித்தான் குளிக்கிறார்கள், இதில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கம்பளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் கதவில் திரைக்குப் பதிலாக எஸ்டேட்டில் மழைக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பளிதான் தொங்கும். மேட்டினி நேரத்தில் அதை ஒரு பக்கம் இழுத்தால் வெளி வெயில் நேராகத் திரையில் விழுந்து படம் வெளுத்துப் போகும். பெரியவர்கள் படம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் நிறைய வந்திருந்து, கத்தி எடுத்துக் குத்துகிற இடமோ, கட்டிலில் உட்காருகிற இடமோ வந்தால், காற்று வேண்டும் என்கிற மாதிரி கம்பளியை இழுத்துவிடுவேன். வியாழக்கிழமையே பார்த்துவிடுவதால் எங்கே இழுக்க வேண்டும் என்று தெரியும். பெண்கள் முனகுவார்கள். மலை முழுக்க இது தெரியும்.

இனி அந்தப் படம். பெயர் வேண்டாம். மலையாளப் படம். பதினாலு வயதுப் பெண்ணை நிலபுலன் உள்ள ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்கிறார்கள். அவளுக்குப் பிரசவ வலி வருகிறது. மருத்துவச்சி கதவைச் சாத்தச் சொல்கிறாள். அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் காட்டுகிறார்கள், வேறு ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வெகுநேரம் காட்டுகிறார்கள். கடைசியில் குழந்தை அழுகிறது, அவள் அழவில்லை.

படம் முடிந்து ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டான். சாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாக்கக் கூடாதது ஒண்ணும் இல்ல சாமி. நடக்கக் கூடாததுதான் இருக்கு" என்றேன்.

அவர் எழுதவில்லை. "இதைச் சிலேட்டில் எழுத முடியாது. பதினெட்டுதான் கணக்கு, ஓர்மை வச்சுக்கோங்கோ" என்று பேனாவை மூடினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்டினிக்குப் பெண்கள் பக்கம் வரிசை ரோடு வரை நின்றது. அதில் செல்வி வந்தாள். எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். அம்மா செத்துப்போய்விட்டாள். அப்பா தேயிலைச் செடி வெட்டும்போது சரிவில் உருண்டு இடுப்பு போய்ப் படுக்கையில் இருந்தார். கீழே இரண்டு தம்பிகள். அந்த வீட்டில் எஸ்டேட் ரிஜிஸ்டரில் பேர் உள்ள ஆள் செல்வி ஒருத்திதான்.

பதினெட்டு ஆனவர்களுக்குத்தான் நிரந்தர வேலை, நிரந்தர வேலை இருந்தால்தான் அறை. அதனால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் பேரைப் பதியும்போது இரண்டு மூன்று வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள். கூட்டிச் சொல்கிறார்கள் என்று ஆபீசுக்கும் தெரியும். ஆள் உயரமாக இருந்தால் எழுதிக்கொள்வார்கள். செல்வி உயரம்.

டிக்கெட்டோடு, எஸ்டேட் ஆபீசில் வயதை எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினாள். "எனக்குப் பதினெட்டு ஆயிருச்சு சித்தி. இங்க பாருங்க, எழுதியிருக்கு."

எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாது என்று வரிசைக்கு முன்னால் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சீட்டு எனக்கு எதுக்குட்டி? நீ யானைக்கு அப்புறம் மூணாம் மழை. கதவுப் பக்கம் கடைசித் தொட்டிலு. கைய மூடிக்கிட்டே தூங்குவ. விரல விரிச்சுப் பால் சங்கு குடுக்கணும் உனக்கு. போ, போய் மூணு வருஷம் கழிச்சு வா."

வரிசை சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. செல்வி சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவளுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக எஸ்டேட் கண்டக்டரின் மனைவி நின்றிருந்தார். கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை, காட்டு வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறவர். அந்தம்மா கெட்டவர் இல்லை. சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நடந்த தமாஷை வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒழுங்கானவர். திங்கட்கிழமை காலையில் ஆபீசில் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் செல்வி என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. உள்ளே வரவும் இல்லை.

"புதன்கிழமை விசாரணையாம் சித்தி. பதினஞ்சுதான்னு ஆச்சுன்னா பேர வெட்டிருவாங்க. உங்களையும் கூப்பிடுவாங்களாம்."

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"அவரு என்ன சொல்லுவாரு. வண்டன்மேட்டு மாமா வந்து உக்காந்திருக்காரு."

வண்டன்மேட்டில் அவள் தாய்மாமன் ஏலத் தோட்டத்தில் இருந்தார். அங்கே ஒரு கங்காணிக்கு முதல் மனைவி தவறிப்போய்விட்டாள். நாற்பது வயது ஆள், சொந்த வீடு, செல்வியைக் கட்டிக்கொடுத்தால் அப்பாவையும் தம்பிகளையும் கூடவே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாராம். மாமனும் கெட்டவர் இல்லை. பேர் போனால் அறை போகும், அறை போனால் நாலு பேருக்கு இதுதான் இடம் என்று அவர் போட்ட கணக்கில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. அன்றைக்கு வரைக்கும் நான் கதவில் உண்மை சொன்னதற்காக யாரும் எதையும் இழந்ததில்லை. சினிமாவைத்தான் இழந்திருக்கிறார்கள்.

மறுநாள் கொட்டகையில் சாமியிடம் விஷயத்தைச் சொல்லி, ஆபீசில் நான் பதினெட்டு என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டேளா பேச்சியம்மா. நீங்க தப்பாச் சொல்ற ஆளுன்னு அங்கே எழுதிட்டான்னா, நாளைக்கு ஆபீசர் வந்து நிக்கறச்சே நம்ம கதவுக்கு என்ன சாட்சி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சாமி."

"லைசென்ஸ் போனா நீங்களும் நானும் ஆப்பரேட்டரும் மலை இறங்கணும்."

"ஆமா சாமி."

நோட்டை மூடி வைத்தார். "நாளைக்குப் போகும்போது குடை எடுத்துக்கோங்கோ. மழை வரும்" என்றார்.

புதன்கிழமை மழை வந்தது. அவரும் வந்தார். கூப்பிடாமலே வந்து ஆபீஸ் வராந்தாவில் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

எஸ்டேட் உதவி மேனேஜர், நாங்கள் சின்ன துரை என்போம், உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, கோட்டயத்துப் பக்கத்துப் பையன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும் என்பதால் பெரிய கிளார்க்தான் கேட்டார். செல்வி ஒரு ஓரத்தில் நின்றாள். மாமன் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்.

யானைக் கணக்கைக் கிளார்க் முதலிலேயே கேள்விப்பட்டிருந்தார். யானை எந்த வருஷம் வந்தது என்று சுலபமாக மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அது நடக்கவில்லை. யானை இழுத்தது அந்த ஆபீசின் கூரையைத்தானே. கூரை ரிப்பேர் செய்ததை அந்த வருஷத்துப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கிளார்க் அதை எடுத்து விரித்துப் பார்த்தார். பதினெட்டு வருஷம், என் கணக்கு நூல் பிடித்த மாதிரி சரியாக இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"யானை வந்து பதினெட்டு வருஷம்" என்றார் கிளார்க். "இந்தப் பொண்ணு அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"ஞாயித்துக்கிழமை பின்னாலன்னு சொன்னீங்களாமே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்க தப்பாச் சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா. எப்படித் தப்புச்சு?"

அதற்குப் பதில் யோசித்து வைக்கவில்லை. தப்பினால் எப்படித் தப்பும் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அப்போது சாமி ஒரு அடி முன்னால் வந்தார்.

"கதவுக்கு மேல பல்பு ஃப்யூஸ் ஆயிருந்தது. மாத்தச் சொல்லியிருக்கணும், நான் மறந்துட்டேன். இருட்டில் இவா ஆள் முகம் தெரியாம சொல்லிட்டா. குத்தம் என்னோடதாக்கும்."

மேட்டினி இரண்டரை மணிக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பெரிய கிளார்க்கும் அன்றைக்கு மேட்டினிக்கு வந்து ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் சாமியைப் பார்த்தார், சாமி அவரைப் பார்த்தார். பிறகு "பல்பு ஃப்யூஸ்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கீழே கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று பேனாவை வாங்கி ஏழு எழுத்தையும் எழுதினேன். சின்ன துரை காத்திருந்தார். அதுவரை சம்பளத்துக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கொட்டகைக்கு வந்ததும் சாமி நோட்டை எடுத்தார். செல்வி என்று எழுதி, பக்கத்தில் தப்பு ஒன்று என்று எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். சரி என்றேன். வண்டன்மேட்டு மாமன் மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போனார். பேச்சை விட்டுவிடவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். படம் இரண்டாம் வாரமும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மேட்டினிக்குக் கதவைத் திறந்தால் முன்னால் ஆறு பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆறும் யானைக்குப் பின்னால் வந்தவை. இரண்டு மூன்று தொட்டில் முன்னே பின்னே. எல்லார் கையிலும் ஆபீஸ் சீட்டு. அதில் ஒரு வாயாடி முன்னால் வந்தாள்.

"செல்விக்குப் பதினெட்டுன்னு ஆபீஸ்ல சொன்னீங்களாமே சித்தி. அப்ப எனக்குப் பத்தொம்பது. அவ தொட்டில்ல கெடக்கும்போது நான் தவந்துக்கிட்டிருந்தேன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

அவள் சொன்னது சரி. அவள் செல்வியைவிட நாலு மாதம் மூத்தவள். இவர்களைச் சின்னப் பிள்ளைகள் என்று திருப்பி அனுப்பினால் செல்வியும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவாள். ரோடு வரை வரிசை நிற்கிறது. போன வாரம் மாதிரியே நாலைந்து பேர் பின்னால் கண்டக்டர் மனைவி நிற்கிறார். படத்தை இரண்டாம் தரம் பார்க்க வந்திருக்கிறார்.

சாமியைக் கூப்பிட்டேன். வந்து ஆறு பேரையும் பார்த்தார். ஆறு சீட்டையும் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காயிதத்தில் பதினெட்டுன்னு இருந்தா விட்டுடுங்கோ. இனிமே அது மதி, அது போதும்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக, "முதல்ல ஒரு கோடு. பக்கத்துல ரெண்டு வளையம், ஒண்ணு மேல ஒண்ணு" என்றார்.

அப்படித்தான் நான் பதினெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆறு சீட்டிலும் கோடும் வளையமும் இருந்தன. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டேன்.

கடைசியாகச் செல்வி வந்தாள். டிக்கெட்டைக் கொடுத்தாள், சீட்டையும் கொடுத்தாள். நான் சீட்டை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழு பேரும் ஒரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் கதவில் கம்பளிக்குப் பக்கத்தில் நின்றேன். காலிக் கொட்டகையில் உட்கார்ந்து, பார்க்கக் கூடாதது ஒன்றும் இல்லை என்று சொன்னது நான்தான். மறக்கவில்லை. ஆனால் என் மூங்கிலில் கிடந்த ஏழு தலைகளையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பது வேறாக இருந்தது. திரையில் மருத்துவச்சி கதவைச் சாத்தச் சொன்னதும் என் கை தானாகக் கம்பளியைப் பிடித்துவிட்டது. வெளியே வெயில் இருந்தது. இழுத்திருந்தால் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். கம்பளி எங்கே இழுபடும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாதா. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பளியை விட்டுவிட்டேன். அந்த முகத்தை வெகுநேரம் காட்டுவார்கள் என்று சொன்னேன் அல்லவா, அவ்வளவு நேரமும் காட்டினார்கள். வாயாடிப் பிள்ளை பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கெட்டுப்போகவும் இல்லை, ஆபீசரும் வரவில்லை.

படம் விட்டதும் ஆறு பேரும் சத்தமில்லாமல் போனார்கள். செல்வி நின்றாள்.

"அந்தப் புள்ளைக்கு எத்தன வயசு சித்தி?"

"பதினாலுன்னு சொன்னாங்கல்லா."

"அங்க ஆபீஸ்ல என்ன எழுதியிருப்பாங்க?"

நான் சிலேட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். "பதினெட்டுன்னுதான் எழுதியிருப்பாங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு வண்டன்மேட்டு மாமன் வந்தார். சாப்பாடு போட்டாளாம். எனக்கு எஸ்டேட்டில் பேர் இருக்கு மாமா, அறை இருக்கு, இங்கேயே இருந்துக்கிறோம் என்று சொல்லி, வந்த ஏலக்காய் வாடையோடே திருப்பி அனுப்பிவிட்டாள். ஐந்து வருஷம் கழித்து ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவனை அவளே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்போது என் கணக்கில் அவளுக்கு இருபது, ஆபீஸ் கணக்கில் இருபத்து மூன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சாமி நோட்டில் யானையை அடித்துவிட்டார். சீட்டைப் பார்த்துத்தான் விட்டேன். சீட்டில் எல்லாருக்கும் பதினெட்டு இருந்தது. ஆனால் வியாழக்கிழமைப் படத்தை அவர் நிறுத்தவில்லை, அந்தக் கேள்வியையும் நிறுத்தவில்லை. ஆளைத் தடுக்க முடியாமல் போனதும் அந்தக் கேள்விக்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சில படத்துக்கு, சீட்டோடு வரும் பிள்ளைகளிடம் இதில் இன்னது இருக்கிறது, பார்த்துக்கொள் என்று டிக்கெட் கிழிக்கும்போதே சொல்லிவிடுவேன். சிலர் கேட்டுத் திரும்பிப் போவார்கள். சிலர் கொஞ்சம் சீக்கிரமாக உள்ளே போவார்கள். கம்பளியும் இருந்தது. டவுன் தியேட்டர் வாசலில் நிற்கிற பெண்ணுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார், அவ்வளவுதான்.

சில வருஷம் முன்னால் செல்வி ரிட்டயர் ஆனாள். ஐம்பத்தெட்டு ஆனால் அனுப்பிவிடுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அவளுக்கு ஐம்பத்தைந்துதான். மூன்று வருஷ வேலை போனது. ஆபீசில் கொடுத்த சால்வையோடு நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சித்தி. நீங்க அன்னைக்கு உண்மையச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே" என்றேன். "கதவுல வச்சு முதல்ல அதத்தான சொன்னேன்."

அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு சால்வையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, காப்பி போட அடுப்படிக்குள் போனாள்.